எல்லாருக்கும் ஒரே நிமிஷம்!

"அம்மா... உங்க ஆபீஸ்ல எல்லாரும் ஒரே நிமிஷத்துலயா உள்ள வர்றாங்க?"

மூன்று வருடத்துக்கு முன், ஆபீஸில் ஆட்கள் வந்த நேரம் அச்சிட்ட தாளின் பின்பக்கம் யானை வரைந்துகொண்டே மகள் கேட்டாள்.

"தொந்தரவு பண்ணாதே புட்டி!" என்று செல்லப்பேர் சொல்லியே விரட்டினாள் வசுதா.

இன்று...

மைசூர். அதே ஆபீஸ். தாழிட்ட மீட்டிங் ரூம்.

நேற்று மாலை ரெக்கார்டு ரூமில் மேனேஜர் தம்மண்ணா குத்திக் கொல்லப்பட்டிருந்தார்!

"கார்டு தேய்க்காம அந்தக் கதவு திறக்காது." இன்ஸ்பெக்டர் ருத்ரப்பா ஒரு தாளை எறிந்தார். "நீங்க உள்ள போனது 18:11. தம்மண்ணா போனது 18:11. நீங்க வெளிய வந்தது 18:11. வேற யாரும் போகல. ஒரே நிமிஷத்துல முடிச்சுட்டீங்களே மேடம்... கைராசி!"

"சாமுண்டித் தாயி மேல ஆணை சார்! அவர் வர்றதுக்கு முன்னாடியே நான் கிளம்பிட்டேன்!"

"தாயி சாட்சி சொல்ல வரமாட்டா. கம்ப்யூட்டர் சொல்லுது."

"நானா எதுவும் சேக்கல வசுதா," என்றான் டேட்டாபேஸ் பார்க்கும் ஸ்ரீஹர்ஷா. குரலில் பரிதாபம். "மெஷின் குடுத்தத அப்படியே பிரிண்ட் எடுத்தேன்."

கீழே ஜீப் உறுமியது. அவளுக்காக!

"சார்..." பெண் கான்ஸ்டபிள் நிங்கம்மா தயங்கினாள். "கொழந்தகிட்ட ஒரு வார்த்தை பேசட்டுமே. நானும் புள்ள பெத்தவதான்."

"சரி, சட்டுனு!"

நிங்கம்மா தன் போனையே நீட்டினாள்.

தெய்வம் எந்த உடுப்பில் வருமென்று யார் கண்டது? அன்று காக்கியில் வந்தது!

"அம்மா! எப்ப வருவீங்க?"

அந்தக் குரல்... அந்த யானை... அந்தக் கேள்வி!

வசுதா தாளைப் பறித்தாள். காலையிலிருந்து எல்லா வரியும்... 10:11... 14:11... 18:11...

"சார்! இது என்ன மாசம்?"

"நவம்பர். ஏன்?"

"பதினோராவது மாசம்! இது நிமிஷமே இல்ல சார்! கம்ப்யூட்டர்கிட்ட நிமிஷம் வேணும்னா 'எம்ஐ'னு எழுதிக் கேக்கணும். 'எம்எம்'னு எழுதினா மாசம் வரும். மூணு வருஷம் முன்னாடி என் பொண்ணு யானை வரைஞ்ச தாள்லயும் இதே தப்பைப் பண்ணினது ஹர்ஷாதான்!"

"சி... சின்னத் தப்பு சார்..." ஹர்ஷா சிரித்தான். வியர்த்தான்.

"அப்போ திருத்திக் கேட்டுப் பாப்போம். கம்ப்யூட்டர் முன்னால நீங்க உக்காருங்க மேடம்," என்றார் ருத்ரப்பா.

விசைகள் தடதடத்தன.

வசுதா, உள்ளே 18:02. வெளியே 18:06.

தம்மண்ணா, உள்ளே 18:40.

அப்புறம்... தாளில் இல்லாத ஒரு வரி!

ஸ்ரீஹர்ஷா, உள்ளே 18:43!

"பதிவை அழிக்க முடியாது சார்," வசுதா அந்த வரியைத் தொட்டுக் காட்டினாள். "பிரிண்ட் எடுக்கும்போது தன் பேரை மட்டும் விட்டுட்டார். அன்னிக்குத் தெரியாம பண்ணின தப்பு... இன்னிக்குத் தந்திரம்!"

"என் திருட்டைத் தம்மண்ணா கண்டுபிடிச்சுட்டான்..." முனகியபடி ஹர்ஷா கதவை நோக்கிப் பாய்ந்தான்.

நிங்கம்மா குறுக்கே நின்றாள்.

"கார்டு தேய்க்காம எங்க சார் ஓட்டம்?"

வசுதா வீடு திரும்பியபோது மகள் சோபாவிலேயே தூங்கிப்போயிருந்தாள். அறையில் வேறு யாருமில்லை.

குனிந்து காதோடு சொன்னாள்.

"இல்ல புட்டி. எல்லாரும் அவங்கவங்க நிமிஷத்துலதான் வர்றாங்க. அம்மாதான் பதில் சொல்ல மூணு வருஷம் லேட்."

பாக்கி தீர்ந்ததற்கு ரசீதாக... ஒரு குட்டிக் குறட்டை வந்தது!