இடது முட்டி

காலை ஆறரை மணிக்கு, நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, ரித்தீஷ் அண்ணனின் இடது முட்டி எனக்கு வலிக்கும். மங்கோலியாவில் அப்போது ஒன்பது மணி. பம்ப் மேடைக்கு ஏறும் இரும்பு ஏணியில் பதினெட்டுப் படி. எட்டாவது படியில் ஒரு சுருக், பதினெட்டாவதில் இன்னொன்று. நான் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே மணிக்கட்டுப் பட்டையில் ‘அவருடையது, பழையது’ என்று தட்டிவிட்டு வாய் கொப்பளிப்பேன். அந்த முட்டியை டாக்டரிடம் காட்டச் சொல்லி எட்டு வருடமாகக் கத்துகிறேன். மனிதர் கேட்டால்தானே!

என் பெயர் தன்ஷிகா. கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வடிவமைப்புப் பிரிவில் இருக்கிறேன். ரித்தீஷ் அண்ணன் அதே கம்பெனியின் நிறுவல் பொறியாளர். சொந்தமும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. ஆனால் அவர் வெளிநாட்டு வேலைக்குப் போகும்போதெல்லாம் நான்தான் அவருக்கு வலிப்பங்காளி.

இது ஏன் வந்தது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்கு வேலையாகப் போகிறவர்கள் இரண்டு விதமாகப் பொய் சொன்னார்களாம். ஊர் சுற்ற ஆசைப்பட்டவர்கள் இல்லாத முதுகுவலியைச் சொன்னார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று பயந்தவர்கள் இருக்கிற நெஞ்சுவலியை மறைத்தார்கள். முதல் வகையால் காப்பீட்டு நிறுவனங்களுக்கு நட்டம். இரண்டாம் வகையினர் செத்தே போனார்கள். காய்ச்சலை அளக்கலாம், நாடித்துடிப்பை அளக்கலாம். ஒருவருக்கு எவ்வளவு வலிக்கிறது என்பதை மட்டும் எந்த இயந்திரத்தாலும் அளக்க முடியவில்லை. கடைசியில், வலியை இன்னோர் உடம்பில் வைத்துத்தான் பார்க்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள்.

அதனால் இப்போதைய பயணக் காப்பீட்டில் பயணியின் சொல் செல்லாது. ஊரில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் பங்குப்பட்டை கட்டிக்கொண்டு, பயணியின் வலியில் ஐந்தில் ஒரு பங்கைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் ‘இது அவருடைய வலிதான், அவசரம்’ என்று அறிவித்துவிட்டால் உலகத்தின் எந்த மூலையிலும் ஹெலிகாப்டர் கிளம்பும். அறிவிக்காவிட்டால் ஒரு மாத்திரைகூட வராது. கட்டிய மனைவியோ கணவனோ பங்காளி ஆக முடியாது. சோதனைக் காலத்தில் ஒரு மனைவி, கணவரைக் கொசு கடித்ததற்கு ஹெலிகாப்டர் அனுப்பிவிட்டாராம்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? போன வருடம் அண்ணன் நார்வேயில் ஓர் அணைக்கட்டில் இருந்தார். இங்கே எனக்கு இடது தாடையில் திடீரென்று ஒரு குத்தல். இடது தாடை வலித்தால் இதயத்தைச் சந்தேகப்படு என்று வகுப்பில் படித்திருக்கிறேன் அல்லவா, பதறியடித்து அறிவித்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். சோதித்துப் பார்த்தால் அவர் இதயம் குதிரை மாதிரி ஓடுகிறது. விரிசல் விட்டிருந்தது என்னுடைய கடைவாய்ப் பல். காரணம், அன்று மத்தியானம் நான் தின்ற முறுக்கு. அதிலிருந்து கம்பெனியில் எனக்கு முறுக்கு என்றே பெயர்.

பெயர் போகட்டும். ஒரு ஜோடிக்கு ஐந்து வருடத்தில் இரண்டு பொய் அறிவிப்பு ஆகிவிட்டால் பயணிக்கு மூன்று வருடம் வெளிநாடே கிடையாது. எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை நான் பிசகினால் அண்ணனின் கதை முடிந்தது. மங்கோலியாவில் அவர் நிறுவிக்கொண்டிருந்ததோ, பாலைவனத்தில் எண்ணூறு மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் பம்ப். ஒன்பது வருடமாக அவர் பாடுபட்ட பம்ப். வெள்ளிக்கிழமை காலை அதை முதன்முதலாக ஓட்டப்போகிறார்கள்.

வியாழக்கிழமை என் அத்தை மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தேன். பருப்பு, நெய், மூன்று வடை, இரண்டு கிண்ணம் பாயசம், அதன்மேல் ஒரு ஜிலேபி. எழுந்து கை கழுவும்போது தொப்புளைச் சுற்றி மந்தமாக ஒரு வலி. பட்டை மெல்ல அதிர்ந்து கேட்டது: ‘யாருடையது?’ இதில் என்ன சந்தேகம்! ‘என்னுடையது’ என்று தட்டிவிட்டு ஒரு சோடா குடித்தேன்.

அரை மணி நேரத்தில் வலி இடம் மாறியது. தொப்புளை விட்டு இறங்கி வலது அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜிலேபி இப்படியெல்லாம் நடந்து போகாது.

பயிற்சி வகுப்பில் ஒரு நர்ஸ் சொல்லித் தந்தது ஞாபகம் வந்தது. குடல்வால் வீங்கியிருந்தால், குதித்துக் குதிகால் தரையில் மோதும்போது அங்கே சுரீர் என்று இழுக்கும். கை கழுவும் இடத்திலேயே பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு குதி குதித்தேன். பாயசம் குலுங்கியதே தவிர வலி கூடவில்லை.

“ஏங்கண்ணு, கல்யாணம் அவளுக்கு, குதிக்கறது நீயா?” என்றார் பெரியம்மா. வரிசையில் நின்ற சொந்தபந்த ஒறம்பரைக் கூட்டம் முழுக்கச் சிரித்தது.

மண்டபத்துக்குப் பின்னால் ஓடிப்போய் அண்ணனை வீடியோவில் கூப்பிட்டேன். முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

“என்ன அம்மிணி, கல்யாணச் சாப்பாடு ஆச்சா?”

“அது ஆச்சுங்ணா. நீங்க சாப்புட்டீங்ளா?”

“பசிக்கல. இங்க வெயிலு ஜாஸ்தி.”

மூன்று வேளையும் மணி அடித்தாற்போல் சாப்பிடுகிற மனிதர் அவர். எனக்கு வந்த கோபத்தில் குரல் தானாக ஏறியது.

“பொய் சொல்லாதீங்ணா! வயிறு எப்ப இருந்து வலிக்குது?”

“எனக்கெங்க வலிக்குது? நீதான் பந்தில வளைச்சுக் கட்டியிருப்ப. மறுபடியும் முறுக்கா?”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. போனைக் கிட்டே இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

“சரி, சித்தெ வலிக்குது. அதுக்கு இப்ப என்ன? நாளைக்குக் காலைல ஓட்டம். ஒரே ஒரு ராத்திரி அம்மிணி. உன்றதுன்னு அமுக்கிரு. உனக்குப் புண்ணியமாப் போகும்.”

அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. அந்தப் பம்ப் என்றால் அவருக்கு என்னவென்று எனக்குத் தெரியும். அதற்குள் தண்ணீரைத் தள்ளும் சுழலியின் தகடுகளை வரைந்ததே நான்தான். ‘என்னுடையது’ என்று ஒரு தட்டு தட்டினால் போதும், எல்லோருக்கும் சந்தோஷம். தவறிப்போய் ‘அவருடையது’ என்று தட்டி அது வெறும் அஜீரணமாக இருந்துவிட்டால், நாளைய ஓட்டமும் போச்சு, மூன்று வருடமும் போச்சு. இந்த ஜென்மத்தில் அவர் முகத்தில் நான் முழிக்க முடியாது.

“சரிங்ணா, ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. ஒருக்கா குதிச்சுக் காட்டுங்க. ஒண்ணும் இல்லீன்னா என்றதுன்னு அமுக்கீர்றேன்.”

“இவ்வளவுதானா?” என்றார். போனைப் பெட்டி மேல் சாய்த்து வைத்தார். ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டார். ஓர் அடி உயரம் குதித்தார்.

அங்கே அவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றார். இங்கே நான் வலது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஐந்தில் ஒரு பங்கே இந்த லட்சணம் என்றால், முழு வலியையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படிச் சிரிக்கிறார்! ஐயோ, என்ன நெஞ்சழுத்தம்!

“பாத்தியா? ஒண்ணும் இல்ல,” என்றார்.

“மன்னிச்சுக்குங்ணா,” என்று சொல்லிவிட்டுப் பட்டையை அழுத்தினேன்.

காப்பு நிறுவனத்தின் குரல் பதமாகப் பேசியது. “வணக்கம் தன்ஷிகா. இது உங்கள் இரண்டாம் அறிவிப்பு. தவறென்றால் விளைவுகளை அறிவீர்களா?”

“அறிவேன், அறிவேன்! சீக்கிரம் அனுப்புங்க!”

அண்ணன் திரையிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். போனை அணைத்துவிட்டார். வயிற்றில் இருந்த வலியைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அதில் பங்கு போட்டுக்கொள்ள ஆளும் இல்லை.

நாற்பது நிமிடத்தில் ஹெலிகாப்டர் வந்து அவரை ஏற்றியது. அது குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலும் எனக்குத் தெரிந்தது. மூன்றரை மணிக்குத் தலைநகர் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது: குடல்வால் அழற்சி, எந்த நேரமும் வெடிக்கலாம், உடனே அறுவை. நான் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டேன். அறிவிப்பு சரிதான். அடுத்த நிமிடம் வலி நின்றது.

மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள், அதனால்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வயிறு, முட்டி, எங்கும் ஒன்றும் இல்லை. அவர் கிளம்பிப் போன ஒன்றரை மாதத்தில் பட்டை இப்படி ஊமையாக இருந்ததே கிடையாது. தூங்கும்போதுகூட முட்டி லேசாக முனகிக்கொண்டிருக்கும்.

ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார்கள். ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. காப்புக் குரலைக் கேட்டால், “அறுவை தொடர்கிறது, மேலதிகத் தகவல் இல்லை” என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னது. மயக்கத்தில் இருக்கும் ஆளுக்கு வலி வராது. உயிர் போன ஆளுக்கும் வராது. இரண்டும் பட்டையில் ஒரே மாதிரிதான் இருக்கும். இந்த எண்ணம் ஒரு தடவை வந்த பிறகு எனக்குக் கை கால் ஓடவில்லை.

அண்ணனின் மனைவி ஸ்வாதிகா அக்கா மண்டபத்துக்கே வந்துவிட்டார். வரவேற்புக்காக எல்லோரும் மினுமினுவென்று இருந்த கூட்டத்தில், வீட்டுச் சேலையோடு வந்து முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பட்டை கட்டிய என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“ஏதாச்சும் தெரியுதா தன்ஷி?”

“இல்லீங்க்கா.”

ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அதே கேள்வி, அதே பதில். ஆறு மணிக்கு மேல் பெரியம்மா வந்து, குடும்பப் போட்டோ எடுக்கவேண்டும் என்று என்னைப் பிடிவாதமாக மேடைக்கு இழுத்துப் போனார். மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் நிறுத்தினார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். நான் கீழே அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது வந்தது அந்தச் சுருக். எனக்குப் பழகிப்போன, எட்டு வருடமாக நான் திட்டித் தீர்த்த அதே சுருக். இடது முட்டி.

“முட்டி வலிக்குது!” என்று கத்தினேன். “அக்கா! முட்டி வலிக்குதுங்க்கா!”

“எந்த முட்டி?” அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“எடது!”

“அதுதான்! அதேதான்!” அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். நான் மேடையிலிருந்து குதித்தோடி அவரைக் கட்டிக்கொண்டேன். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். பெரியம்மா விஷயத்தைச் சொன்னதும் பாட்டுக் கச்சேரிக்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். என் அத்தை மகளின் ஆல்பத்தில் எல்லோரும் அழகாக நிற்க, நான் மட்டும் முட்டியைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து சிரிக்கிற படம் இன்றும் இருக்கிறது.

கால் மணி நேரம் கழித்துத்தான் காப்புக் குரல் அறுவை வெற்றி என்று அறிவித்தது. சிக்கல் இருந்ததாம், சரிசெய்துவிட்டார்களாம். அதன்பின் அண்ணனே பேசினார். முதலில் அக்காவிடம் பேசினார். அக்கா பேசியதைவிட அழுததுதான் அதிகம். பிறகு போன் என்னிடம் வந்தது. குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

“அம்மிணி, அங்க தெரிஞ்சுதா?”

“முட்டிங்ளாண்ணா?”

“ஆமா. கண்ணு முழிச்சப்பப் பேச்சு சரியா வரல. டாக்டரு, நர்ஸு யாருக்கும் நான் என்ன சொல்றேன்னு புரியல. நீ அங்க என்னாச்சோ ஏதாச்சோன்னு தவிச்சுக்கிட்டு இருப்பீன்னு தெரியும். அதான், முட்டிய மடக்கி ஓங்கி ஒரு அமுக்கு அமுக்குனேன். உனக்குத் தெரியோணும்னு.”

போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன்.

“என்மேல கோவம் போயிருச்சுங்ளா?” என்று கேட்டேன்.

“கோவமா? நீ மட்டும் என்றதுன்னு அமுக்கியிருந்தீன்னா நான் இப்பப் பேசுவனா? பம்ப் எங்க போகுது? அந்தூர் ஆளுங்க பத்து நாள் காத்திருக்கோம்னு சொல்லிட்டாங்க.” சற்று இளைப்பாறிக்கொண்டு தொடர்ந்தார். “ஊருக்கு வந்ததும் முட்டிய டாக்டர்கிட்டக் காட்டறேன். போதுமா?”

எட்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். எனக்கோ அந்தச் சுருக் இல்லாத பட்டையை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“காட்டலாங்ணா,” என்றேன். “அவசரம் ஒண்ணும் இல்லீங்.”

பட்டை இன்னும் பொறுமையாக அதிர்ந்துகொண்டிருந்தது: ‘யாருடையது?’ மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினேன்: ‘அவருடையது, பழையது.’