குலுக்காத கிண்ணம்

அபூ லைத்தின் காபிக்கு உலகம் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் அவருடைய மகள் சுகைனா. எல்லாம் நுஹாத் டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடத்தால் வந்தது. "ஊர் சுத்திப் பாக்கப் போறவங்க, கிளம்புறதுக்கு முன்னாடி இணையத்துல எதையெல்லாம் தேடுறாங்க? யோசிச்சு எழுதிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார் டீச்சர்.

சுகைனா தன் அண்ணன் லைத்திடம் கெஞ்சிக் கூத்தாடிக் கைப்பேசியை வாங்கினாள். தெற்கு இராக்கின் சதுப்பு ஏரியில் இருக்கும் தங்கள் ஊரின் பெயரையே தட்டிப் பார்த்தாள்.

படகுச் சவாரிக்கு எவ்வளவு? எருமைகளோடு எங்கே படம் எடுக்கலாம்? எந்த மாதம் கொசு குறைவு? சூரியன் மறைவது எங்கிருந்து அழகு? இப்படித்தான் கேட்டிருந்தார்கள் எல்லோரும்.

'எருமையைப் பத்தி இவ்வளவு பேர் கேக்குறாங்க. எங்களைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கலையே?' என்று யோசித்தாள் சுகைனா. வரைபடத்தைப் பெரிதாக்கினாள். ஏரியின் நடுவே, தங்கள் வீட்டின் மேலேயே, ஒரு சின்னக் கோப்பைப் படம் இருந்தது.

'காபிக் கடை. ஒரு நட்சத்திரம்.'

"அண்ணா! நம்ம விருந்தினர் கூடத்தைக் கடைன்னு போட்டிருக்காங்க!"

லைத் எட்டிப் பார்த்தான். கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தான். "போதும் போதும் என்றாலும் விடாமல் ஊற்றுகிறார்கள். என் மனைவிக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை... பணம் கொடுக்கப் போனால் கடைக்காரர் கத்துகிறார்... விலைப்பட்டியல் இல்லை. விசித்திரமான கடை!" அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பின்னால் அபூ லைத் நின்றிருந்தார்.

"கடைக்காரனா? நானா?" என்றார் அவர் மெதுவாக.

நாணலை வளைத்துக் கட்டிய அந்தக் கூடத்துக்குக் கதவே கிடையாது. யார் வந்தாலும் உட்காரலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நடுவில் இருக்கும் அடுப்பில் காபிக் கூஜா எப்போதும் சூடாக இருக்கும். சாயங்காலம் ஊரே அங்கேதான் கூடும்.

"விருந்தாளியைப் பாத்துக் கத்துறவன்னு ஊர் உலகமெல்லாம் படிக்குது" என்றார் அபூ லைத். "நாளைலேர்ந்து அடுப்பு மூட்ட வேணாம். கூஜாவை உள்ளே எடுத்து வச்சிடுங்க."

"பாபா, அவங்க தெரியாம எழுதிட்டாங்க..."

"தெரிஞ்சோ தெரியாமலோ, எழுதிட்டாங்கல்ல?" அவர் திரும்பி எருமைகளைப் பார்க்கப் போய்விட்டார்.

சுகைனாவுக்கு அழுகை முட்டியது. ஆனால் அழுதுகொண்டே யோசிப்பது சிரமம். அதனால் யோசனையை முதலில் வைத்துக்கொண்டாள்.

வந்தவர்களுக்கு ஏன் தூக்கம் போயிற்று? இங்கே கிண்ணத்தின் அடியில் இரண்டு வாய்தான் ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் கிண்ணத்தை லேசாகக் குலுக்கினால் போதும் என்று அர்த்தம். குலுக்காமல் நீட்டினால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். வாயால் சொல்லும் 'போதும்' கணக்கில் வராது. அது மரியாதைக்குச் சொல்வது. இந்த ஊரில் தவழும் குழந்தைக்குக்கூட இது தெரியும். விமானத்தில் வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

"அப்போ குலுக்குங்கன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டா முடிஞ்சுதே!" என்றாள் அம்மாவிடம்.

அம்மா ரொட்டி தட்டுவதை நிறுத்தினாள். "நல்லாருக்குடி! வந்தவங்களைப் பாத்துக் குடிச்சது போதும், நிறுத்துங்கன்னு சொல்றதா? உங்க பாபா ஏரியில குதிச்சிடுவாரு!"

"அவருக்கு நல்லா நீச்சல் தெரியும் யும்மா."

"வாயைப் பாரு! போ, எருமைக்குத் தழை போடு."

மறுநாள் காலை அடுப்பு மூட்டவில்லை. கூடத்தில் புகை வாசனையே இல்லை. சுகைனாவுக்கு வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல இருந்தது.

அப்போது ஒரு படகு வந்து நின்றது. உயரமான ஒரு மனிதரும், வெயிலில் மூக்கு சிவந்த அவர் மனைவியும் இறங்கினார்கள். வரைபடத்தைப் பார்த்தபடியே நேராகக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள்.

அபூ லைத் வாசலில் நின்றார். அணைந்த அடுப்பைப் பார்த்தார். வந்தவர்களைப் பார்த்தார். பெருமூச்சு விட்டுக் குனிந்து நாணல் தட்டைகளை அடுக்கித் தீ மூட்டினார். வந்துவிட்டவர்களை அவரால் எப்படிப் போகச் சொல்ல முடியும்?

"நேத்து மூட்ட வேணாம்னீங்க?" என்றான் லைத் கிசுகிசுப்பாக.

"வாயை மூடிட்டுக் கிண்ணத்தைக் கழுவு."

காபி தயாரானது. மூக்கு சிவந்த பெண் குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார். அபூ லைத் ஊற்றினார். மறுபடி குடித்தார், நீட்டினார். மறுபடி ஊற்றினார். கணவர் ஏற்கெனவே வியர்க்க ஆரம்பித்திருந்தார். தன் கைப்பேசியிடம் ஏதோ சொன்னார். அது கண்டிப்பான குரலில் மொழிபெயர்த்தது: "மதிப்பிற்குரிய ஐயா, நாங்கள் போதுமான அளவு பருகிவிட்டோம்."

"அட, கூச்சப்படாதீங்க!" என்று சந்தோஷமாக இன்னும் ஊற்றினார் அபூ லைத்.

சுகைனா சட்டென்று உள்ளே ஓடினாள். பெருநாள் சட்டையைப் போட்டுக்கொண்டாள். வாசல் வழியாக மறுபடி நுழைந்து, "அஸ்ஸலாமு அலைக்கும்!" என்று உரக்கச் சொல்லி, அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னடி இது?" என்றார் அபூ லைத்.

"நான் விருந்தாளி பாபா. விருந்தாளிகிட்ட ஏன் வந்தேன்னு கேக்கலாமா?"

அபூ லைத்தின் மீசை துடித்தது. ஆனால் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தவர் விருந்தாளி. அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் ஊற்றினார்.

அது வேப்பிலையைக் காய்ச்சினதுபோலக் கசந்தது. சுகைனாவின் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் விழுங்கினாள். பிறகு கையை நன்றாக உயர்த்தி, எல்லோருக்கும் தெரியும்படி, கிண்ணத்தை இப்படியும் அப்படியும் குலுக்கினாள். அபூ லைத் தலையசைத்துக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

அந்தப் பெண் சுகைனாவைப் பார்த்தார். தன் கிண்ணத்தைப் பார்த்தார். பயந்துகொண்டே லேசாகக் குலுக்கினார்.

கூஜா அவரைத் தாண்டிப் போனது!

அவர் கணவரின் விலாவில் இடித்தார். கணவர் கிலுகிலுப்பையை ஆட்டுவதுபோலப் படபடவென்று குலுக்கினார். லைத் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு சிக்கல் தீர்ந்தது. இன்னொன்று அந்தப் பெண்ணின் கைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. பணப்பை! அபூ லைத்தின் புருவம் மேலே ஏறத் தொடங்கியது.

சுகைனா அந்தப் பெண்ணின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டு, கணவரின் கைப்பேசியிடம் அவசரமாகக் கேட்டாள். "உங்க ஊர்லயும் ஏரி இருக்கா?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பணப்பையை மறந்து பேச ஆரம்பித்தார். கைப்பேசி மொழிபெயர்த்தது: "எங்கள் வீட்டருகே ஏரி உண்டு. குளிர்காலத்தில் அதன் மீது நடந்தே பள்ளிக்குச் செல்வோம்."

"தண்ணி மேல நடந்தா?" அபூ லைத் கூஜாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்போ படகு? மீன்? எருமையெல்லாம் எங்கே போகும்?"

அவ்வளவுதான். பேச்சு மதியம் வரை போனது. அம்மா சுட்ட மீனும் ரொட்டியும் அனுப்பினாள். கிளம்பும்போது அந்தப் பெண் பணப்பையைத் தொடவில்லை. உறைந்த ஏரியில் தான் நிற்கும் படம் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து அபூ லைத்தின் கையில் கொடுத்தார். அவர் அதைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார்.

அன்று மாலை சுகைனா வரைபடத்தைத் திறந்தாள். 'காபிக் கடை' என்பதை எடுத்துவிட்டு 'விருந்தினர் கூடம்' என்று மாற்றச் சொல்லி அனுப்பினாள். கீழே இப்படி எழுதினாள்:

'இது கடை இல்லை, எங்கள் வீடு. விலை கேட்டால் என் பாபா வருத்தப்படுவார். உங்கள் ஊர்க் கதையைக் கேட்டால் சந்தோஷப்படுவார். போதும் என்றால் கிண்ணத்தைக் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.'

வீட்டுப்பாடத்தையும் முடித்தாள். 'எல்லோரும் எங்கே போகலாம், எவ்வளவு ஆகும் என்று தேடுகிறார்கள். அங்கே இருப்பவர்களோடு எப்படி உட்காரலாம் என்று தேடுவதில்லை. தேடினாலும் கிடைக்காது. நாம் அதை எழுதி வைக்கவில்லையே!' நுஹாத் டீச்சர் அதன் கீழே எதுவும் எழுதாமல், ஒரு கிண்ணம் மட்டும் வரைந்து கொடுத்தார். அதைச் சுற்றிக் குலுக்குவதுபோல இரண்டு கோடுகள் வேறு.

சில நாட்கள் கழித்து லைத் கைப்பேசியோடு ஓடி வந்தான். "பாபா! அஞ்சு நட்சத்திரம்! 'ஏரியைப் பார்க்கப் போனோம், ஒரு குடும்பத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்'னு எழுதியிருக்காங்க!"

அபூ லைத் காதில் விழாததுபோல அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஆனால் மீசைக்குக் கீழே சிரிப்பு இருந்தது.

அவர் ஒரு கிண்ணத்தில் ஊற்றி மகளிடம் நீட்டினார். "வாங்க விருந்தாளி, வாங்க!"

சுகைனா அதை இரண்டு கைகளாலும் வாங்கினாள். உதட்டில் வைப்பதற்கு முன்பே குலுக்க ஆரம்பித்தாள்.