ஹஃப்ஸாவுக்கு ஓட்டில்லை

ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில் கூரையே ஒழுகியது. குடையை விரித்துக்கொண்டு நின்ற ஹஃப்ஸாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. கல்லூரியில் அரசியல் பாடம் நடத்துகிறவள். எந்த மேடை ஏறினாலும் அவளுக்கென்று ஒரே கேள்விதான். ஷரீஅத்தும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா? கலந்து பேசி முடிவெடுக்கத்தான் குர்ஆன் சொல்கிறது, மதச்சார்பற்ற அரசில் நான் தொழவில்லையா, நோன்பு பிடிக்கவில்லையா என்று இன்றைய கூட்டத்திலும் தொண்டை வற்ற விளக்கினாள். கேட்ட பெரியவரே வாசல் வரை வந்து, அது சரிம்மா, ஒத்துப்போகுமா என்றார். செவிடன் காதில் ஊதிய சங்கு...

"குடையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்களேன்... நோட்டீஸ் நனையுது."

திரும்பினாள். இமையில் மழைத்துளி... அதற்குள் சிரிக்கிற கண்கள். ஒரு நொடி மூச்சே மறந்துபோயிற்று. ஒரே நொடிதான். மறுநொடி அவன் கையிலிருந்த நோட்டீஸைப் படித்துவிட்டாள். பாலக்கரையில் அவளுடைய பள்ளிவாசல் ஜமாஅத்துக்குக் கமிட்டித் தேர்தல். செயலாளர் பதவிக்குத் தமீம், அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். படத்தில் இருந்தவன் இவனேதான்.

பெண்களுக்கு ஓட்டு உண்டா என்று கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். வழக்கமில்லை, தனக்கு ஆசைதான், ஆனால் பெரியவர்கள் மனம் கோணுமே, முதலில் ஜெயித்துவிட்டு மெதுவாகப் பேசலாம் என்று இழுத்தான். ஊராரிடம் தொண்டை கிழிய வாதாடுவது நான், வீட்டுக்குள்ளிருந்தே காலை வாருவது இவனா... ஹஃப்ஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என் சம்மதம் இல்லாம எனக்கு நிக்காஹ் செல்லாதுன்னு மார்க்கம் சொல்லுது. என்னை நிர்வாகம் பண்ற கமிட்டிக்கு மட்டும் என் சம்மதம் வேண்டாமா? அதைச் சொன்னது ஷரீஅத் இல்லைங்க... உங்க பயம்."

பஸ் வந்தது. அவன் பின்னால் நின்றுகொண்டே வந்தான். காவிரிப் பாலத்தில் தெரியாத்தனமாகத் திரும்பிவிட்டாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தான்... பார்க்கட்டுமே. கண் அழகாக இருந்துவிட்டால் ஆயிற்றா?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த அத்தா, சட்டையைக் கழற்றும் முன்பே அங்கலாய்த்தார். அந்தத் தமீம் பையனுக்குப் புத்தி கெட்டுவிட்டதாம். பெண்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லி, எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டானாம். ஹஃப்ஸா உள்ளே போனாள். கதவைச் சாத்தியதும் சிரித்துவிட்டாள், சந்தோஷத்தில்.

அவன் தோற்றான். சும்மா இல்லை, மண்ணைக் கவ்வினான்.

அடுத்த வாரமே தாயார் மும்தாஜோடு பெண் கேட்டு வந்து நின்றான். ஊரைப் பகைத்துக்கொண்டவனுக்கா பெண் கொடுப்பது என்று அத்தா முகம் கொடுக்கவே இல்லை. கடைசியில் மும்தாஜ்தான், பெண்ணிடம் ஒரு வார்த்தை கேளுங்களேன் என்றார். அத்தா வேண்டாவெறுப்பாக மகளைக் கூப்பிட்டார்.

தமீம் தரையைப் பார்த்தான். "உங்க ஓட்டு இருந்திருந்தா... ஒண்ணாவது கூட விழுந்திருக்கும்."

"விழுந்திருக்காது. ஆரம்பத்துல சொல்ல வேண்டியதைக் கடைசி வெள்ளிக்கிழமை போய்ச் சொன்னா யாருங்க ஓட்டுப் போடுவா? உங்களுக்கு அரசியல் வராது. அடுத்த தேர்தல்ல நான் நிக்கப் போறேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. அத்தாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்ததும் ஹஃப்ஸாவுக்கு மறுபடி எரிச்சல் வந்தது.

"அத்தா, எனக்குச் சம்மதம்."

தமீம் மெல்ல நிமிர்ந்தான்... அதே கண்கள். இந்த முறை அவள் பார்வையை விலக்கவில்லை.

"அன்னிக்கு அவ்வளவு கோபப்பட்டீங்களே..." என்றான்.

"அன்னிக்குக் கூட்டத்துல என்னைக் கேள்வி கேட்ட ஒரு பெரியவர் மேல வந்த கோபம் பஸ் ஏறினதுமே போயிடுச்சு. உங்க மேல வந்தது மட்டும் போகவே இல்ல. பார்த்ததுமே உங்களைப் பிடிச்சுப்போச்சு... அதான் அவ்வளவு கோபம்."