தூக்காத கை

சனிக்கிழமை பிற்பகல். வசந்தகாலப் போட்டியின் முதல் சுற்று பாதியில் இருந்தபோது, கசாப்புக்கடை ஃப்ரிடோலின் ரைனரின் கைத்துப்பாக்கி அவர் கையிலேயே வெடித்தது.

வரிசையாக நின்று சுட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் காதை மூடியிருந்ததால், முதலில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் ஓடினார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கந்தலாகியிருந்தன. ஆம்புலன்ஸ் அவரைக் கிளாரஸ் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. வெயிலுக்காக அவர் கழற்றி மாட்டியிருந்த கம்பளிக் கோட்டு மட்டும் சுடுகூடத்துக் கொக்கியிலேயே தொங்கியது.

அப்போது ரெகுலா ஹெஃப்டி ஒரு வார்த்தை சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நான்தான். ஒரு தோட்டாக் கூட்டுல ரெண்டு தடவ மருந்து போட்டுட்டேன் போல இருக்கு."

எங்கள் பள்ளத்தாக்கு ஆட்களுக்கு அது போதும். அன்று இரவே ஊரார் கண்ணில் ரெகுலா கைதியாகிவிட்டார். விலங்கு ஒன்றுதான் பாக்கி.

ரெகுலா என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கத்தில் சிலர் பழைய ராணுவக் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். சுட்டதும் மேலே ஒரு மூட்டு மடங்கி எழுந்து, வெற்றுக்கூட்டைத் தூக்கி எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம். அதற்கு ஏழு புள்ளி ஆறு ஐந்து மில்லிமீட்டர் அளவில், கழுத்து ஒடுங்கிய தோட்டா வேண்டும். ராணுவம் கைவிட்ட அளவு. கடையில் எப்போதாவது கிடைப்பதும் சோப்ளாங்கித் தோட்டா. குண்டு வெளியே போகும், ஆனால் மூட்டை மடக்க அதற்குத் தெம்பு இருக்காது. கூடு பாதியில் சிக்கிக்கொள்ளும். அதனால் ரெகுலா தன் வீட்டுக் கீழறையில், சுட்ட கூடுகளைத் துடைத்து, மருந்து நிறுத்துப் போட்டு, புதுக் குண்டு வைத்து எல்லாருக்கும் தோட்டா செய்துகொடுத்தார். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்பு வளையம் தீட்டுவார்.

இப்போது தோட்டா செய்யும் உரிமம் போகும். கவனக்குறைவால் காயம் என்று வழக்கும் வரலாம். செவ்வாய் மாலை சங்கத்தை விட்டு அவரை நீக்குவதற்கு வாக்கெடுப்பு. நீக்கத் தீர்மானத்தை எழுதியவர் தலைவர் காஸ்பர் ஸ்டுஸ்ஸி, ரெகுலாவின் தோட்டாவில் போன வருஷம் போட்டியில் பரிசு மாலை வாங்கியவர்.

திங்கட்கிழமை காலை காவல்துறையிலிருந்து சார்ஜென்ட் அன்னினா எல்மர் வந்தார். கனத்த உடம்பு. கையில் பச்சைப் பாலாடைக்கட்டி தடவிய ரொட்டி. அந்த வாடைக்குச் சுடுகூடத்து ஜன்னலைத் திறக்க வேண்டியதாயிற்று. காவலர்கள் சனிக்கிழமையே கூடத்தைப் பூட்டிவிட்டதால், எல்லாம் கிடந்தது கிடந்தபடி இருந்தது.

"நீங்க பக்கத்துல நின்னீங்க. சொல்லுங்க" என்றார் ஸ்டுஸ்ஸியிடம்.

"என்னத்தச் சொல்ல? அஞ்சு தோட்டா ஒரு சுற்று. ஃப்ரிடோலின் மூணு சுட்டான். மூணும் இலக்கு அட்டையோட நட்டநடுக் கறுப்புல. நான் எட்டிப் பாத்து வாயப் பொளந்துட்டேன். அவனுக்கு அப்படி விழுந்ததே இல்ல. நாலாவது வெடிச்சிருச்சு."

"நாலாவதுன்னு நீங்க எண்ணுனீங்களா?"

"அவன் சொன்னான். அட்டையிலயும் மூணு ஓட்டதான்."

"வழக்கமா எப்படிச் சுடுவார்?"

ஸ்டுஸ்ஸி சிரித்தார். "கறி வெட்டுறதுல கெட்டிக்காரன். இதுல சுமார்தான். பாவம், அவன் துப்பாக்கி வேற சண்டித்தனம் பண்ணும். போட்டிக்குப் போட்டி ஒரு தடவையாவது சிக்கிரும்."

"சிக்குனா என்ன செய்வீங்க?"

"துப்பாக்கியத் தொடக்கூடாது. வெறுங்கையத் தூக்கணும். நடுவர் வந்து பாப்பார். துப்பாக்கிக் கோளாறுதான்னா அந்தச் சுற்று அழிஞ்சது. முதல்லருந்து மறுபடி சுடலாம்."

எல்மர் ரொட்டியை மென்றபடி குனிந்தார். ஃப்ரிடோலின் நின்ற இடத்துக்கு நன்றாகப் பின்னால், தரையில் மூன்று வெற்றுக்கூடுகள் சிதறிக் கிடந்தன. முன்னால் இருந்த மேசையில், துப்பாக்கிப் பெட்டியின் ஓரமாக, இன்னொன்று. வெடித்த கூடு துப்பாக்கிக்குள்ளேயே நசுங்கி இருந்தது. அது ஏற்கெனவே சோதனைச்சாலைக்குப் போயாயிற்று.

"மேசைல கிடக்குறது?"

"பழசா இருக்கும். பயிற்சில விழுந்தது."

அவர் அதை எடுத்துப் பார்த்தார். சிவப்பு வளையம் இருந்தது. வெளிப்பக்கம் முழுக்கக் கரி. தரையில் கிடந்த மூன்றும் பளபளவென்று இருந்தன.

பத்தரை மணிக்கு எல்மர் ரெகுலா வீட்டில் இருந்தார். ரெகுலா தராசைத் துணியால் மூடி வைத்திருந்தார். சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவதுபோல் இருந்தது அது. எல்மரின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"எழுதிக்கோங்க, சார்ஜென்ட். என் தப்புதான். கண்ணு முன்ன மாதிரி இல்ல. ரொட்டிக் கடைக்குக்கூடப் போகல ரெண்டு நாளா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

"அழறத அப்புறம் வச்சிக்கலாம். போட்டிக்கு முன்னாடி மேசைய யார் துடைச்சா?"

"நான்தான். ஒரு கூடு விடாம பொறுக்கிருவேன். அது கிடைக்காத சரக்கு."

"ரைனர் துப்பாக்கி பயிற்சில சிக்குமா?"

ரெகுலா யோசித்தார். "பயிற்சில… இல்ல. போட்டியிலதான். படபடப்புல பிடி தளர்ந்தா அது சிக்கும்னு சொல்வார். அவருக்காகவே மருந்த ஒரு பொடி கூட்டிப் பாத்தேன், குறைச்சும் பாத்தேன். நாலஞ்சு வருஷமா அதே கவலைதான் எனக்கு. சிக்குற ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பே கூசும்."

"நீங்க ரெண்டு தடவ மருந்து போட்டிருந்தா, கூட்டுல கொள்ளுமா?"

"வழியும்" என்று சொல்லிவிட்டு ரெகுலா அப்படியே நின்றார். சொன்னது அவருக்கே இப்போதுதான் காதில் விழுந்தது. "வழியும்தான். ஆனா மனசு கேக்கல. வேற எப்படி வெடிக்கும்?"

எல்மர் படியேறிப் போனார்.

மதியம் ஆஸ்பத்திரியில் ஃப்ரிடோலின் தலையணையில் சாய்ந்திருந்தார். வலது கை முழுக்கக் கட்டு.

"எத்தன சுட்டீங்க?"

"மூணு. நாலாவது வெடிச்சது."

"நடுவுல துப்பாக்கி சிக்கலியே?"

"இல்ல, இல்ல. நல்லா ஓடுச்சு." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ரெகுலா மேல கேஸ் போடாதீங்க. பாவம், விதவை. எனக்குக் கோவமே இல்ல."

அந்தப் பெருந்தன்மையை ஊரே பாராட்டியது. எல்மர் மட்டும் பாராட்டவில்லை. நேரே சுடுகூடத்துக்குத் திரும்பி, கொக்கியில் தொங்கிய கம்பளிக் கோட்டை இறக்கினார்.

செவ்வாய் மாலை சங்கத்துச் சாப்பாட்டுக்கூடம் நிரம்பிவிட்டது. ஃப்ரிடோலினும் வந்திருந்தார், கையைக் கழுத்துத் தூளியில் போட்டுக்கொண்டு. எல்லாரும் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். ரெகுலா கதவோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

ஸ்டுஸ்ஸி தீர்மானத்தைப் படிப்பதற்குள் ரெகுலா எழுந்தார்.

"ஃப்ரிடோலின், உங்க கைய நான் கெடுத்துட்டேன். என்ன மன்னிச்சிருங்க."

ஃப்ரிடோலின் மேசையைப் பார்த்தார். "சரி, சரி" என்றார். அந்த இரண்டு வார்த்தையை அவர் சொல்லியிருக்க வேண்டாம். எவ்வளவு யோசித்தாலும் எனக்கு அது ஆறவில்லை.

"ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து எல்மர் வந்தார். நாலு வெற்றுக்கூடுகளை மேசையில் வைத்தார். மூன்றை ஒரு பக்கம், கரி பிடித்ததை ஒரு பக்கம்.

"மூணு சுட்டு, நாலாவது வெடிச்சதுன்னா வெளிய மூணு கூடுதான் இருக்கணும். நாலு இருக்கு. துப்பாக்கிக்குள்ள ஒண்ணு. ஆக மொத்தம் அஞ்சு சுட்டிருக்கார். அட்டைல மூணு ஓட்டதான். மிச்ச ரெண்டு குண்டும் குழலுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு மோதி நிக்குதுன்னு இன்னைக்குக் காலைல சோதனைச்சாலைலருந்து சொன்னாங்க. குழல்ல மோதிரம் மாதிரி ஒரு வீக்கம். வெடிச்ச தோட்டால மருந்து ஜாஸ்தி இல்ல. அதுக்கு முந்துன தோட்டால கம்மி. அந்தக் குண்டு வழியிலயே நின்னுருச்சு. அடுத்தது அது மேல போய் இடிச்சுது."

"அப்பவும் மருந்து அளந்தது ரெகுலாதானே" என்றார் ஸ்டுஸ்ஸி.

"பொறுங்க. நீங்க எல்லாரும் வருஷக்கணக்கா இதச் சுடுறீங்க. மருந்து கம்மியான தோட்டா சுட்டா, மூட்டு மடங்குமா?"

எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கடைத் தோட்டாவைப் பற்றி மணிக்கணக்கில் புலம்புகிற கூட்டம் அது. இருந்தும் மூன்று நாளாக ஒருத்தர் தலையிலும் அது ஏறவில்லை.

"மடங்காது" என்றார் எல்மர். "கூடு தானா வெளிய வராது. அஞ்சாவது தானா உள்ள போகாது. கையால இழுத்தாதான் உண்டு. தானா பறந்த மூணு கூடும் தலைக்கு மேல போய்ப் பின்னால விழுந்துச்சு. கையால இழுத்தது மேசைல பொத்துனு விழுந்துச்சு. மெதுவா எரிஞ்ச மருந்து வெளிப்பக்கம் கரி அப்பியிருக்கு. ரைனர், நடுவுல சிக்கவே இல்லன்னு சொன்னீங்க. சிக்குச்சு. விதிப்படி கையத் தூக்கியிருக்கணும். ஏன் தூக்கல?"

ஃப்ரிடோலின் இடது கையால் தூளியின் முடிச்சைச் சரிசெய்தார்.

"நானே சொல்றேன். தூக்குனா மூணு கறுப்பும் அழிஞ்சிரும். வாழ்க்கைல முதல் தடவ விழுந்த மூணு. மத்த நாளெல்லாம் சந்தோஷமாத் தூக்குவீங்க. மோசமாச் சுட்ட சுற்று அழியும், கை பழகுன பிறகு மறுபடி ஒரு சுற்று. போட்டிக்குப் போட்டி. பயிற்சில மட்டும் அந்தத் துப்பாக்கி சிக்குறதே இல்ல."

"அது… பழைய துப்பாக்கி, அதுக்குன்னு ஒரு குணம் இருக்கு…"

எல்மர் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கறி மடிக்கும் மெழுகுத்தாள். உள்ளே ஒரே ஒரு தோட்டா, சிவப்பு வளையத்தோடு. குண்டின் மேல் குறடு கடித்த தடம்.

"உங்க கோட்டு உள்பையில இருந்தது. ரெண்டாவது சுற்றுக்குன்னு வச்சிருந்தீங்க. இந்தக் குறட்டுத் தடம் நாங்க பிரிக்கிறதுக்கு முன்னாடியே இருந்தது. நிறுத்துப் பாத்தோம். மருந்து பாதிக்கும் கீழ. உங்க பெட்டில இருந்த மத்த தோட்டா அத்தனையும் சரியான எடை. ரெகுலா கை தவறிப் போட்டிருந்தா, எதுல குறைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாதவன் அதை மட்டும் தனியாப் பொட்டலம் கட்டி வைப்பானா?"

அவர் அந்தத் தோட்டாவைக் கரி பிடித்த கூட்டின் பக்கத்தில் வைத்தார்.

"குண்டக் குறட்டால பிடுங்கி மருந்தக் கொட்டுவீங்க, எப்பவும் குண்டு வெளிய போற அளவுக்கு விட்டு வப்பீங்க. இந்தத் தடவ கொஞ்சம் ஜாஸ்தியா எடுத்துட்டீங்க. காது மூடியிருந்ததால வித்தியாசம் தெரியல. அவ்வளவுதான் கதை. இப்பவாவது விதிப்படி நடங்க."

ஃப்ரிடோலின் தூளியிலிருந்து கட்டுப்போட்ட கையை எடுத்து, மெல்லத் தலைக்கு மேல் தூக்கினார். முகம் சிவந்து, கழுத்துவரை வேர்த்திருந்தது.

"அந்த மூணும் நிஜமாச் சுட்டது" என்றார், யாரையும் பார்க்காமல். "அது மட்டும் நிஜம்."

"தெரியும்" என்றார் ரெகுலா. "அந்த மூணும் நான் போட்டபடியே இருந்த தோட்டா."

ஃப்ரிடோலின் கையை இறக்கிக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரையும் பார்க்க முடியாமல், ரெகுலாவையும் பார்க்க முடியாமல், காலிக் கோப்பைகளைப் பார்த்தார்கள். ஸ்டுஸ்ஸி தீர்மானத்தாளை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

"ரெகுலா, நாங்க அவசரப்பட்டுட்டோம். வெக்கமா இருக்கு. மனசுல வச்சிக்காத. மே மாசப் போட்டிக்கு எப்பவும் போல நீதான் தோட்டா…"

ரெகுலா கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கு வந்து நாலு கூடுகளையும் பார்த்தார். பழக்க தோஷத்தில் கை நீண்டது. பிறகு எடுக்காமலே விட்டுவிட்டார்.

"கடைல விக்குதே, காஸ்பர்."

"அது நம்ம துப்பாக்கில ஓடாதே. ஒவ்வொண்ணும் சிக்குமே."

"சிக்குனா கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு ரெகுலா கதவைச் சாத்திக்கொண்டு போனார்.