நாற்பத்தெட்டு மணி நேர மருந்து

ஆண்மகனின் இதயம் ஒரு கோட்டை, அதை யாராலும் பிடிக்க முடியாது என்று மைசூர்ப் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்த கிளைவ் காலைக் கூட்டங்களில் முழங்குவார். திங்களன்று கோட்டைக்குள் தண்ணீர் புகுந்தது. நுரையீரல் நிறைந்து, மல்லாந்து படுக்க முடியாமல், பல்செட்டை மறந்துவிட்டு ஆம்புலன்சில் ஏறினார்.

இன்று புதன் பிற்பகல். கையில் ஏறிக்கொண்டிருந்தது பரிசோதனையில் உள்ள, நாற்பத்தெட்டு மணி நேரம் விடாமல் ஏற்றவேண்டிய புது மருந்து. கர்ப்பிணிகளின் உடலில் சுரக்கும் ஹார்மோனைப் போலவே ஆய்வகத்தில் செய்தது. இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் பாரத்தைக் குறைக்குமாம். பதினெட்டுப் பக்கச் சம்மதப் படிவத்தைப் படிக்காமலே கையெழுத்திட்டிருந்தார். கண்ணாடி கேட்பது கௌரவக் குறைச்சல்.

மனைவி செலின் ஆரஞ்சு உரித்தாள். "மாசமா இருக்கறவங்க ஹார்மோனாமே! மாங்கா வாங்கிட்டு வரட்டா?"

"பையன்கிட்ட சொல்லித் தொலைக்காத."

"காலைலயே சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சான்."

அவள் கிளம்பிய பின், சாலையில் நஞ்சன்கூடு பஸ்களின் ஹாரன் ஓய்ந்து, பினாயில் வாசனை மட்டும் தரையோடு தங்கிய அமைதியில், மானிட்டரின் நிதானமான ஒலிக்கு அடியில் இன்னொரு துடிப்பு கேட்டது. இரட்டை வேகத்தில், ஈரத்துணியில் சுற்றிய கடிகாரம் போல, போர்வைக்குள்ளிருந்து.

கால் வீக்கம் வடிந்திருந்தது. வயிறு வடியவில்லை.

ஏதோ நகர்ந்தது. உள்ளே. நின்றது. தொப்புளுக்கு மேல் தோல் ஒரு சின்னக் குதிகால் அளவுக்கு மேடாகி, அமுங்கியது.

நர்ஸ் சித்தம்மா அட்டையோடு வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரி. "புதுசா ஏதாச்சும் தோணுதுங்களா சார்? இருந்தாச் சொல்லிப்போடுங்க, மருந்த நிறுத்தீருவாங்க."

நிறுத்தினால் மறுபடி அந்தத் தண்ணீர். மூன்று நாளில் இன்றுதான் முழு மூச்சு விடுகிறார். சொன்னாலோ அவள் எழுதுவாள். டாக்டர் சுரேந்தர் படிப்பான். பள்ளியில் கிளைவ் முட்டி போடவைத்த பழைய மாணவன்.

வயிறு இறுகியது.

"வாயு," என்றார் கிளைவ் கம்பீரமாக. "வேற ஒண்ணுமில்ல."

எழுதிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது. அந்தத் துடிப்பு நின்றது.

காத்திருந்தார். மானிட்டர் மட்டும்.

வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். உள்ளிருந்து ஐந்து சிறு விரல்கள் ஒவ்வொன்றாக அதன்மேல் பொருந்தின.

அவருடைய பனியன் மார்பருகே இரண்டு இடங்களில் பாலில் நனைந்திருந்தது.