பக்கத்துக் கட்டிலில் இருமல்

அவசர சிகிச்சை வார்டின் கதவைத் தள்ளும்போதே அந்த நெடி அவள் மூக்கில் ஏறியது. புருஷனும் தம்பியும் வேலை பார்த்த ஐஸ் ஃபேக்டரியின் அமோனியா நெடி. எத்தனை துவைத்தாலும் புருஷன் சட்டையை விட்டுப் போகாத நெடி.

தம்பியைச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். கண்களைத் தண்ணீர் விட்டு விட்டுக் கழுவி, கட்டுப் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் குழாய் வெடித்ததும் வெளியே ஓடி வந்த அவள் புருஷன், மச்சினனைக் காணோமென்று ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். அவனை வாசல்வரை இழுத்துப் போட்டவர் அங்கேயே சுருண்டுவிட்டார். பிணவறையில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நேரே இங்கே வருகிறாள்.

"இப்ப அவர்கிட்ட சொல்லாதீங்கம்மா," என்றாள் நர்ஸ் தணிந்த குரலில். "நுரையீரல் புண்ணாகியிருக்கு. அழுதா மூச்சு தாங்காது."

அவள் அழுகையை மென்று விழுங்கினாள்.

"அக்கா." தம்பியின் குரல் கரகரத்தது. "பக்கத்துக் கட்டில்ல மாமாதானே?"

பக்கத்துக் கட்டில் காலி. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஆமாடா. தூங்குறார்."

"எங்க தூங்குறார்? இருமிக்கிட்டே இருக்கார். மாமா இருமல் எனக்குத் தெரியாதா, தெருவையே எழுப்புற இருமலாச்சே."

மருந்து மயக்கத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்தாள்.

அப்போது அவளுக்கும் கேட்டது.

வறண்ட இருமல். கடைசியில் மெல்ல ஒரு செருமல். கல்யாணமான நாள் முதல் அவள் காதுக்குப் பழகிய செருமல்.

திரும்பிப் பார்த்தாள்; கட்டில் காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓடத் தோன்றவில்லை.

இருமல் திணறலாக மாறியது.

"மூச்சு முட்டுது அவருக்கு. ஏதாவது பண்ணுக்கா."

காலிக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய மாஸ்க்கை எடுத்துத் தலையணைமேல் வைத்தாள். சுவரிலிருந்த ஆக்சிஜன் குமிழைத் திருகினாள். குனிந்து கிசுகிசுத்தாள்.

"மெதுவா இழுங்க. நான் இருக்கேன்."

திணறல் அடங்கியது.

"அப்பாடா," என்று தம்பி தலை சாய்த்தான். "எனக்காகத் திரும்பி வந்த மனுஷன்க்கா. அவருக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

காற்றுச் சத்தம் கேட்டு வந்த நர்ஸ் கோபிக்கவில்லை. "வாங்கம்மா," என்று அவள் தோளைத் தொட்டு, குமிழை மூடினாள். காற்றின் இரைச்சல் நின்றது.

தலையணைமேல் கிடந்த மாஸ்க்கின் உட்புறம் ஆவி படிந்து வெளுத்தது. தெளிந்தது.

மறுபடி வெளுத்தது.

நர்ஸ் அதையே பார்த்தாள். மூடிய குமிழை மெல்லத் திறந்துவிட்டாள்.