வடக்கு ஸ்டிக்கர், தெற்கு ஸ்டிக்கர்

“அப்ப வண்டிய யாரு ஓட்டிட்டுப் போனது? பேயா?”

“வண்டி என் வீட்டு வாசல்லதான் நின்னுச்சு சார். நானும் வீட்டுலதான் தூங்கிட்டிருந்தேன்.”

“அப்புறம் எப்படிய்யா வடக்கு டோல்ல உன் ஸ்டிக்கர் பதிவாச்சு?”

மலோலோஸ் போலீஸ் நிலையத்தில் கார்ப்பரல் பெலிசியோ மேசையைத் தட்டினார். எதிரே வேன் டிரைவர் தெயோதுலோ நின்றான். பக்கத்தில் நின்ற மனைவி லூர்தெஸ், “வீட்டுலதான் இருந்தாரு. நான் எத்தனை தடவை சொல்றது?” என்றாள். பெண்டாட்டி சாட்சியை யார் கேட்கிறார்கள்?

மலோலோஸ் சிற்றாலயத்தில், மே மாத ஊர்வலத்துக்கென வைத்திருந்த மாதாவின் வெள்ளிக் கிரீடம் செவ்வாய் விடிகாலை காணாமல் போயிருந்தது. ஒரு வாரம் முன்புதான் தெயோதுலோ தன் வேனில் அங்கே விளக்குத் தோரணங்களைக் கொண்டுபோய் இறக்கினான். கிரீடம் இருக்கும் அறை அவனுக்குத் தெரியும். திருட்டு நடந்த அன்று வடக்கு நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடி மிஷின் அவன் ஸ்டிக்கரைப் படித்து, அவன் கணக்கிலிருந்து சுங்கம் கழித்திருக்கிறது. இன்று மாலைக்குள் அவன் உள்ளே போய்விடுவான். மாதாவிடமே திருடியவன் என்று ஊர் சொல்லும். அதுதான் அவனை அதிகம் வதைத்தது.

ஜன்னலோரம் நின்ற சார்ஜென்ட் லுடிவினா திரும்பினார்.

“காலையில எட்டு மணிக்கு வரச் சொன்னோம். ஒன்பதரைக்கு வந்திருக்கீங்க. ஏன்?”

தெயோதுலோவுக்கு அந்த நிலையிலும் எரிச்சல் வந்தது. “வடக்குப் பக்கம் மிஷின் என் ஸ்டிக்கரப் படிக்கவே இல்ல மேடம்! முன்னாடி எடு, பின்னாடி எடுன்னு ஆட்டுனாங்க. பின்னால ஒரே ஹாரன். கடைசியில காசு குடுத்துட்டு வந்தேன். எங்க ஊர்லேருந்து இங்க வர தெற்கு ரோடு, வடக்கு ரோடு ரெண்டையும் தாண்டணும். தெற்குக்கு ஒரு கம்பெனி, வடக்குக்கு ஒரு கம்பெனி. ரெண்டு ஸ்டிக்கர், ரெண்டு கணக்கு. ஒண்ணு அங்க செல்லாது, இன்னொண்ணு இங்க செல்லாது. ஒரே நாடுதானே மேடம் இது?”

“தெற்கு ஸ்டிக்கர் எங்க இருக்கு?”

“முன்கண்ணாடியில. அது ஒழுங்காப் படிக்குது.”

“வடக்கு?”

“முன்விளக்குல ஒட்டிவிட்டாங்க.”

லுடிவினா வெளியே நடந்தார். எல்லோரும் பின்னால் போனார்கள்.

வாசலில் இரண்டு வேன்கள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. ஒன்று தெயோதுலோவுடையது. மற்றதில் சாய்ந்தபடி அவன் நண்பன் அர்னுல்போ பன் தின்றுகொண்டிருந்தான். அடுத்த தெருவில் பட்டறை வைத்திருப்பவன். தோரணம் கட்ட அன்றைக்குக் கூட வந்தவனும் அவன்தான்.

“என்ன மாப்ள, விட்டுட்டாங்களா?” என்றான். “உன்ன உள்ள வச்சுட்டா தங்கச்சிய யாரு கூட்டிட்டுப் போறதுன்னுதான் என் வண்டியையும் எடுத்துட்டு வந்தேன்.”

“வாயக் கழுவுங்க அண்ணே,” என்றாள் லூர்தெஸ்.

லுடிவினா தெயோதுலோவின் வேன் முன்னால் குனிந்தார். “வண்டி பூரா துரு. விளக்கு மட்டும் இப்பதான் பல்லு விளக்கின மாதிரி இருக்கே?”

“தோரணம் இறக்கிட்டுத் திரும்பும்போது ஒரு ஜீப்னி பஸ் உரசி ஒரு விளக்கு உடைஞ்சுது மேடம். இவன்தான் ரெண்டையும் மாத்திக் குடுத்தான். காசே வாங்கல.”

“ஒண்ணுதானே உடைஞ்சுது?”

“ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா ஒண்ணரைக்கண்ணன் மாதிரி இருக்குமே,” என்று சிரித்தான் அர்னுல்போ.

“நீங்க டோல்ல மாட்டிக்கலையா?”

“நானா? எனக்கு ஸ்டிக்கரே கிடையாது மேடம். கம்பெனிக்காரனுங்க கையில முன்கூட்டியே காசக் குடுத்துட்டு நிக்க நான் என்ன கேனையா? காசு வரிசையில போனேன். ஜன்னல எறக்குறதுக்குள்ள தடுப்புக் கட்டை தானாத் தூக்கிருச்சு. மாதா புண்ணியம்!”

லுடிவினா சிரிக்கவில்லை. அவனுடைய வேன் விளக்கில் அப்பியிருந்த சேற்றைக் கைக்குட்டையால் துடைத்தார். கண்ணாடிபோல் மெல்லிய ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. அதன் எண்ணைப் படித்தார். தெயோதுலோ தன் கணக்கு அட்டையை எடுத்துப் பார்த்தான். அதே எண்.

பன் அர்னுல்போவின் வாயிலேயே நின்றது.

“பெலிசியோ, பின்சீட்டுக்கு அடியில பாருங்க.”

டயர் மாற்றும் சாமான்களுக்கு நடுவே, எண்ணெய்த் துணிக்குள், கிரீடம் இருந்தது.

“எங்கயும் உன் பேரு வரக் கூடாதுன்னு காசு வரிசையில போனே,” என்றார் லுடிவினா. “ஆனா உடையாத விளக்கையும் ஆசைப்பட்டுக் கழட்டி உன் வண்டியில மாட்டிக்கிட்டே. ஸ்டிக்கரும் கூடவே வந்துடுச்சு. கட்டை தூக்கினத மாதா புண்ணியம்னு நெனச்சுட்டே.”

பெலிசியோ தலையைச் சொறிந்தார். “எப்படி மேடம் சந்தேகம் வந்துச்சு?”

“தெற்குக் கம்பெனியையும் விசாரிச்சேன். அன்னைக்கு அங்க தெயோதுலோ பேர்ல ஒண்ணுமே இல்ல.”

“பழைய ரோட்டுல வந்திருப்பான்னு நான் நெனச்சேன்.”

“ஒளியணும்னு தெற்குல பழைய ரோட்டுல வர்றவன், வடக்குல மட்டும் தன் பேரைப் பதிவு பண்ணிட்டுப் போவானா? அப்ப அந்த வண்டியில வடக்கு ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்திருக்கணும். இவர் வண்டியில தெற்கும் இருக்கு. ரெண்டும் பிரிஞ்சது எப்படின்னுதான் பார்க்க வேண்டியிருந்துச்சு.”

தெயோதுலோ அப்படியே படியில் உட்கார்ந்தான். வருடக்கணக்காகத் திட்டித் தீர்த்த அந்த இரண்டு ஸ்டிக்கர்கள்! ஒரே ஸ்டிக்கராக இருந்து அதுவும் விளக்கில் ஒட்டியிருந்தால், வீட்டு முனையிலிருந்து மலோலோஸ் வரைக்கும் வரிசையாக அவன் பேர்தான் விழுந்திருக்கும். முன்கண்ணாடியின் மூலையில் வெளுத்துப்போய் ஒட்டியிருந்த தெற்கு ஸ்டிக்கரை, ஒரு குழந்தையின் கன்னத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

அர்னுல்போவை உள்ளே அழைத்துப் போனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. லூர்தெஸ் விம்மலை அடக்கிக்கொண்டு, அவன் விட்டுப்போன பன் பொட்டலத்தை வேனின் மேலிருந்து எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு கணவனின் தோளைத் தொட்டாள். இருவரும் கண்ணாலேயே ஏதோ பேசிக்கொண்டார்கள். தெயோதுலோ எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

“மேடம், எங்களால உங்களுக்குத் திருப்பிச் செய்ய ஒண்ணுமில்ல. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க சின்னப் பொண்ணுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பனா நிக்கிறேன்னு சொன்னவன் இப்ப உள்ள இருக்கான். நீங்க வந்து ஞானத்தாயா நிக்கணும் மேடம்... நிப்பீங்களா?”